முன், பின் படங்களுக்கு நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் ஓய்ந்த இடங்களிலிருந்து வரும் செய்திகளோடு ஒரு வகைப் படம் அடிக்கடி அச்சாகிறது. இடப்பக்கம், தாடை சிதறிய முகம். வலப்பக்கம் அதே மனிதர், தையல்கள் ஆறி, ஓரளவு நேரான முகத்தோடு. கீழே 'முன்', 'பின்' என்று இரண்டு சொற்கள். படங்கள் உண்மையானவைதான். ஆனால் அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன, சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும். 'பின்' படம் எடுத்த மறுநாளும் வேலை ஓய்வதில்லை. நிதி ஒதுக்குகிறவர்களும் உதவிக் குழுக்களை அனுப்புகிறவர்களும் ஆபரேஷன் தியேட்டரோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். முகம் சிதைந்தவர் கைவிடப்படுவது பெரும்பாலும் அந்த நடுக்காலத்தில். தாடை, முகக் காயங்களுக்கான பிரிவுகளில் செவிலியராகவும், பேச்சுப் பயிற்சியாளராகவும், செயற்கை உறுப்புச் செய்பவராகவும் இருக்கும் நாங்கள் அந்தக் காலத்தைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறோம்.

மறுவாழ்வு காயம்பட்ட முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கீழ்த்தாடையின் முன்பகுதி இரு பக்கமும் உடைந்தால் நாக்கைப் பிடித்துவைக்கும் தசைகளுக்குப் பற்றுக்கோடு இல்லாமல் போகும். அப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து, ரத்தமும் சேர்ந்து, மூச்சை அடைத்துவிடும். நினைவோடு இருப்பவரை உட்காரவைத்து முன்பக்கம் குனிந்திருக்க விட வேண்டும். நினைவில்லாதவரை, கழுத்தைத் தலையோடும் உடம்போடும் நேராகப் பிடித்தபடி, ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். முதல் உலகப் போரில் வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற பல் மருத்துவர் இதைக் கண்ணால் கண்டு வற்புறுத்தினார். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்வரை உயிர் தாங்கியவர்கள், ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கக் கிடத்தியதும் இறந்துபோனார்கள்.

அடுத்த தவறு நல்லெண்ணத்தால் வருவது. தசையும் எலும்பும் பறந்துபோன இடத்தில், காயத்தின் இரண்டு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அன்றைக்கு முகம் மூடியதுபோல் இருக்கும். சில வாரங்களில் தழும்பு சுருங்கும். உதடு ஒரு பக்கம் கோணும், கீழ் இமை இறங்கும், வாய் திறக்காது. பிறகு வருகிற மருத்துவர் அந்தத் தையலை எல்லாம் பிரித்து, உள்ளதை உள்ள இடத்தில் மறுபடி வைத்து, இல்லாதது எவ்வளவு என்று அப்போதுதான் அளக்க முடியும். குறைவாக உள்ளதை இழுக்காமல், வெளித்தோலை வாயின் உள்தோலோடு சேர்த்துத் தைத்து, காயத்தைத் திறந்த நிலையிலேயே சுத்தமாக ஆறவிடுவது பல நேரங்களில் மேல். இன்னொன்று: வெடித்தூளும் மண்ணும் தோலில் ஏறியிருந்தால், மயக்கம் கொடுத்து, முதல் ஓரிரு நாளிலேயே பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். விட்டால் பச்சை குத்தியதுபோல் நீலக் கறுப்பாக நின்றுவிடும். அதை வருடங்கள் கழித்து எடுப்பது மிகக் கடினம்.

இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறந்த குயின்ஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லிஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும் 1925 வரை 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார்கள். ஓர் ஆளுக்குச் சராசரி இரண்டு என்று கணக்கு வரும். அந்தச் சராசரிக்குப் பின்னால் பத்துக்கு மேல் அறுவை கண்டவர்களும் இருந்தார்கள். முகத்தை உள்ளிருந்து வெளியே கட்ட வேண்டும் என்பது கில்லிஸ் வகுத்த முறை: முதலில் உள்தோல், பிறகு தாங்கும் எலும்போ குருத்தெலும்போ, கடைசியில் வெளித்தோல். உள்தோல் இல்லாமல் வெளித்தோலை மட்டும் போர்த்திய மூக்கு சில மாதங்களில் சுருங்கிக் குழிந்துவிடும். இன்றும் அதே விதிதான். மாறியது கருவி. அன்று வயிற்றிலோ மார்பிலோ தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, முனை முனையாக முகத்துக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். இன்று காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடும் தோலோடும் எடுத்து, கழுத்தின் ரத்தக் குழாயில் மைக்ரோஸ்கோப் வைத்து இணைத்து, கீழ்த்தாடையை ஒரே நாளில் கட்ட முடிகிறது. அதன் பிறகு முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு முறை ஒட்டுத் தோலை யாராவது பார்க்க வேண்டும். வெளிறிக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் வெளியேறவில்லை. இரண்டில் எதுவானாலும் உடனே தியேட்டருக்குத் திரும்பினால்தான் பிழைக்கும். இரவு வார்டில் போதிய செவிலியர் இல்லாத இடத்தில் இந்த அறுவையைத் தொடங்குவதே தவறு என்பது எங்கள் கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த மூக்கறுப்புப் போர் தெரிந்திருக்கும். மூக்கை அறுத்து அனுப்பும் போர்முறை இருந்த நாட்டில்தான், நெற்றித் தோலை இறக்கி மூக்குக் கட்டும் கைவித்தையும் தழைத்தது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கிழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனேயில் அப்படி மூக்குக் கட்டிய செய்தி 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் வந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் படித்துத்தான் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. நெற்றித் தோலின் காம்பு புருவத்துக்கு நடுவில் ஒட்டியபடியே ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும், பிறகுதான் வெட்டுவார்கள். அந்த மூன்று வாரமும் முகத்துக்குக் குறுக்கே தோலால் ஆன ஒரு காம்போடு இருக்க வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே, படம் காட்டி, நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லாவிட்டால் முதல் கட்டு பிரிக்கும் அன்று அவர்கள் நொறுங்கிப்போகிறார்கள்.

இனி வாய். எங்கள் நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, செய்திகளில் மிகக் குறைவாக வருவதும் இதுதான்.

மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாய் திறக்க வேண்டும். அளவுகோல் இல்லையென்றால் அவரவர் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைத்துப் பார்க்கலாம். திறப்பு 20 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பல் துலக்க முடியாது, பல் அச்சு எடுக்கும் தட்டு உள்ளே போகாது. அதைவிட ஆபத்து, அடுத்த அறுவைக்கு மயக்கம் கொடுப்பவரால் மூச்சுக் குழாயை வாய்வழி செலுத்த முடியாது. அதாவது, வாய்ப் பயிற்சியை விட்டவருக்கு அடுத்த அறுவையே அபாயமாகிறது. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நாக்கை அழுத்திப் பார்க்க வைத்திருக்கும் மெல்லிய மரச்சீவல்களை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைக்க வேண்டும். வலியில்லாமல் எத்தனை நுழைகிறதோ அத்தனை, அதற்கு மேல் ஒன்று. 30 நொடி பிடித்திருந்து எடுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. நாளைக்கு ஐந்து வேளை. ஒரு சீவல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். வாரம் ஒரு சீவல் கூடினாலே போதும். ஒரே நாளில் நான்கைத் திணித்தால் தசை கிழிந்து, உள்ளே ரத்தம் கட்டி, மறுநாள் வாய் முன்பைவிடக் குறைவாகத் திறக்கும். சீவல் எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிய தாளில் அவரே எழுதிவரட்டும். மாதக்கணக்கில் நீளும் இந்தப் பயிற்சியில் அந்த எண் ஒன்றுதான் முன்னேற்றத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் கட்டியிருக்கும் நான்கு முதல் ஆறு வாரம் வேறு வகைக் கவனம் வேண்டும். கம்பி வெட்டும் கருவி ஒன்று எப்போதும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று தெரியாமல் கருவி மட்டும் இருந்து பயனில்லை. மேலையும் கீழையும் இணைக்கும் செங்குத்துக் கம்பிகளைத்தான் வெட்ட வேண்டும். பல்லைச் சுற்றிய கம்பியை அல்ல. வாந்தி வந்தால் உடனே வெட்ட வேண்டியதில்லை. முன்பக்கம் குனிந்தால் நீர் பற்களின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். மூச்சு தடைபட்டால்தான் வெட்டுவது.

உணவு இந்த வாரங்களில் முழுக்கத் திரவம்தான். பெரிய சிரிஞ்சின் முனையில் மென்மையான ரப்பர் குழாயைச் செருகி, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விட்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியே மெதுவாகச் செலுத்தலாம். ஸ்ட்ரா கொடுப்பார்கள். உதடு சேராதவராலும் அண்ணத்தில் ஓட்டை உள்ளவராலும் உறிஞ்ச முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே தடவையில் வயிறு நிறையக் கொடுக்க முடியாது, ஆறேழு வேளையாகப் பிரிக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் காயம் ஆறாது, வைத்த எலும்பு பிடிக்காது. மூக்கு வழிக் குழாயோ வயிற்றுக் குழாயோ வைக்கத் தயங்கக் கூடாது.

பேச்சுக்கு வருகிறோம். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் சேர்ந்தால்தான் பிறக்கும். வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் வேண்டும். கீழுதட்டை இழந்தவரால் 'அம்மா' என்றும் சொல்ல முடியாது, 'அப்பா' என்றும் சொல்ல முடியாது. அண்ணத்தில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தால் கோளாறு வேறு: காற்று மூக்கு வழியே ஒழுகுவதால் அவர் 'அப்பா' என்று சொல்வது கேட்பவருக்கு 'அம்மா' என்று விழும். மூக்குக்கு அடியில் சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடித்து 'அப்பா', 'பாட்டு', 'காக்கா' என்று சொல்லச் சொன்னால் கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. படிந்தால் காற்று ஒழுகுகிறது. 'மாமா', 'நான்' என்ற சொற்களில் ஆவி படிவது இயல்பு. அவற்றை வைத்துச் சோதித்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒழுகலுக்குப் பயிற்சி மட்டும் மருந்தாகாது. ஓட்டையை அடைக்கும் அண்ணத் தகடு வேண்டும். பற்களில் கொக்கியால் நிற்கும் அக்ரிலிக் தகடு அது. ஓட்டைக்குள் நுழையும் மேல்பகுதி உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கனம் தாங்காமல் தகடு இறங்கும். தாங்கும் பற்களும் ஆடத் தொடங்கும். முதலில் தற்காலிகத் தகடு, காயத்தின் சுருக்கம் நின்ற பின், மூன்று முதல் ஆறு மாதத்தில், நிரந்தரத் தகடு. தற்காலிகத் தகட்டைக் கொடுத்துவிட்டு நிரந்தரத்துக்கு ஆள் இல்லை என்று கைவிரிக்கும்போது என்ன நடக்கிறது? விளிம்பு சுருங்கச் சுருங்க மறுபடி காற்று ஒழுகுகிறது, குடித்த தண்ணீர் மூக்கில் வருகிறது. மற்றவர்கள் முன்னால் சாப்பிடுவதை அவர் நிறுத்திவிடுகிறார். பிறகு பேசுவதையும்.

கண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இமை முழுக்க மூடாத கண்ணுக்கு விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவைகூடச் சொட்டு மருந்து தேவைப்படலாம், இரவில் களிம்பு வேண்டும். மேலிமையை இறக்கிக் கன்னத்தோடு டேப்பால் ஒட்ட வேண்டும். பாதி திறந்த கண்மேல் பஞ்சை வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும். கண்ணை எடுக்க நேர்ந்தால், குழி சுருங்காமலிருக்க உடனே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தகடு உள்ளே வைக்க வேண்டும். அது விழுந்துவிட்டது என்று வாரக்கணக்கில் விட்டவருக்குப் பிறகு செயற்கைக் கண் நிற்க இடமே இருக்காது. செயற்கைக் கண்ணுக்கு அச்சு எடுப்பது ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. வருடம் ஒரு முறை மெருகு, ஐந்தாறு ஆண்டில் புதியது.

தழும்பு ஆறிய அன்று அமைதியாகத்தான் இருக்கும். தீக்காயத் தழும்பு அடுத்தடுத்த மாதங்களில்தான் தடித்து, சிவந்து, இழுக்கத் தொடங்கும். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். தோல் முழுக்க மூடிய பிறகு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம் தேய்ப்பு: விரல் தோல்மேல் வழுக்காமல், அழுத்திய இடம் வெளிறும் அளவுக்கு ஊன்றி, தோலோடு சேர்த்து வட்டமாக நகர்த்த வேண்டும். சிலிகான் தகட்டை முதல் நாளிலேயே இரவு பகலாக ஒட்டினால் வியர்த்துக் கொப்புளிக்கும். இரண்டு மணி நேரத்தில் தொடங்கிச் சில நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டும். தகட்டையும் தோலையும் தினமும் கழுவ வேண்டும். அழுத்த முகமூடி என்றால் கழுவவும் சாப்பிடவும் மட்டும் கழற்றி நாளைக்கு 23 மணி நேரம். குழந்தைகளுக்கு அது தாடை வளர்ச்சியையும் அழுத்தும் என்பதால் அடிக்கடி அளவு பார்க்க வேண்டும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை கொடுக்கக் கூடாது. தலையைக் குனித்து வைத்துக்கொள்வதுதான் அவருக்குச் சுகம். அந்தச் சுகமான நிலையிலேயே தழும்பு இறுகி, மோவாயை மார்போடு கட்டி, கீழுதட்டை இழுத்து, எச்சில் ஒழுகவைக்கும். தோளுக்கு அடியில் மடித்த துணியை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்கவைப்பதற்குக் காசு தேவையில்லை. விடாமல் சொல்ல ஓர் ஆள் தேவை.

செயற்கை மூக்கும் காதும் கண்குழி மூடியும் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய உதவி அதிகமாக வீணாவது இங்கேதான்.

1916இல் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த ராணுவ மருத்துவமனையில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பி முகமூடிக் கூடம் தொடங்கினார். அவரிடம் கற்று, அன்னா கோல்மன் லாட் பாரிஸில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு இன்னொன்று நடத்தினார். முகத்தில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, போருக்கு முந்தைய புகைப்படத்தைப் பார்த்துக் களிமண்ணில் இல்லாத பகுதியைச் செதுக்கி, அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் செம்பு படியவைத்து, அணிபவரின் தோல் நிறத்துக்கு எனாமல் பூசி, மூக்குக் கண்ணாடிக் கம்பியில் மாட்டினார்கள். வேலைப்பாடு அபாரம். ஆனால் முகமூடி அசையாது. வண்ணம் உதிரும். அணிந்தவருக்கு வயதாகும், செம்புக்கு ஆகாது. போர் முடிந்த சிறிது காலத்திலேயே அந்தக் கூடங்கள் மூடப்பட்டன. உதிர்ந்த வண்ணத்தைப் பூச யாரும் இல்லை. நூறு ஆண்டு கழித்து, சிலிகானை வைத்துக்கொண்டு, அதே தவறைத்தான் செய்கிறோம்.

சிலிகான் மூக்கு ஒன்று ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுதான் உழைக்கும். வெயிலில் நிறம் வெளுக்கும், விளிம்பு கிழியும், பசை படிந்து கறுக்கும். 20 வயதில் மூக்கிழந்தவர் 60 வயதுவரை வாழ்ந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தாலும் 20 மூக்கு வேண்டும். ஒரு முகாம் நடத்தி ஐம்பது பேருக்கு மூக்கு மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இருபதில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பத்தொன்பது?

செய்முறையைக் கொஞ்சம் சொன்னால், உள்ளூரிலேயே ஆள் பழக்க முடியும் என்பது புரியும். நோயாளியை உட்காரவைத்தே அச்சு எடுக்க வேண்டும். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து அளவு மாறும். திறந்த குழிகளை வாஸலின் தடவிய துணியால் அடைக்காவிட்டால் ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் கூழ் உள்ளே போய்க் கெட்டியாகி, எடுக்கும்போது சதையைக் கிழிக்கும். ஆல்ஜினேட் தளர்வானது, அதன்மேல் பிளாஸ்டர் பூச்சு போட்டுத்தான் கழற்ற வேண்டும். மெழுகில் செதுக்கிய மூக்கை முகத்தில் வைத்து, பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, வாயைப் பிளக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாய் மூடியிருக்கும்போது ஒட்டியிருந்த விளிம்பு திறக்கும்போது தூக்கிக்கொள்ளும். விளிம்பை வெங்காயச் சருகுபோல் மெலிதாக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் நிழலிலோ கன்னமடிப்பிலோ அது முடிந்தால் கண்ணுக்குப் படாது. கந்தகம் கலந்த மாடல் களிமண்ணோ, லேட்டக்ஸ் கையுறையோ பட்டால் பிளாட்டினம் வகை சிலிகான் இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். காரணம் தெரியாமல் விலை உயர்ந்த சிலிகானைத் திரும்பத் திரும்ப வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டும். டியூப்லைட்டில் பொருந்திய நிறம் வெளியே போனால் சாம்பலாகத் தெரியும். வெயில் காலத்தில் தோல் கறுக்கும், ஆகவே முடிந்தவரை இரண்டு நிறத்தில் இரண்டு மூக்கு.

அணிபவருக்கும் பயிற்சி வேண்டும். தோலைக் கழுவி உலர்த்தி, பசையை மெலிதாகத் தடவி, அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்த வேண்டும். கழற்றும்போது விளிம்பைப் பிடித்து இழுக்காமல், தடித்த பகுதியைப் பிடித்து விரலால் உருட்டிக் கழற்ற வேண்டும். இரவில் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, தோலுக்குக் காற்று வேண்டும். வியர்வைக்குப் பசை நிற்காத இடங்களில் எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு நல்லது. காதுக்கு இரண்டு, கண்குழிக்கு மூன்று நான்கு. எலும்போடு பிடிக்க மூன்று நான்கு மாதம் விட்டு, பிறகு காந்தத்தால் மாட்டலாம். ஆனால் திருகைச் சுற்றித் தினமும் மென்மையான பிரஷ்ஷால் துலக்காவிட்டால் தோல் சீழ் பிடிக்கும். துலக்குவதைச் சரிபார்க்க யாரும் இல்லாத ஊரில் திருகு போடுவதைவிட மூக்குக் கண்ணாடியில் மாட்டும் அக்ரிலிக் மூக்கு பாதுகாப்பு. அது அவ்வளவு இயல்பாக இருக்காது, ஆனால் நீண்ட நாள் உழைக்கும், பல் செட் செய்கிற எவராலும் பழுதுபார்க்க முடியும்.

எனவே உதவி செய்கிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பல் ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கு பிளாஸ்டரும் மெழுகும் அக்ரிலிக்கும் ஏற்கெனவே கைவந்தவை. முகாம் பணத்தில் ஒரு பங்கை அவர்களைப் பழக்கச் செலவிடுங்கள். நீங்கள் செய்த மூக்கின் அச்சுக்கட்டையை ஊருக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே விட்டுப்போங்கள். எந்த நிறப்பொடி எத்தனை கிராம் என்று ஓர் அட்டையில் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். அந்த அட்டையும் அச்சும் இருந்தால் அடுத்த மூக்கு சில நாள் வேலை. இல்லாவிட்டால் முதலிலிருந்து.

முகம் மாற்று அறுவை பற்றியும் கேட்பார்கள். 2005இல் பிரான்சில் முகத்தின் ஒரு பகுதியை மாற்றும் முதல் அறுவை நடந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும். மாத்திரை தவறினால் முகத்தையே உடல் நிராகரிக்கும். தொற்றும் புற்றும் வரும் வாய்ப்புக் கூடும். மிகச் சிலருக்கு அது தகும். போரின் எண்ணிக்கைக்கு அது விடையல்ல.

மனம் பற்றி இரண்டு பழைய அனுபவங்கள் வழிகாட்டுகின்றன. சிட்கப்பில் வார்டுகளில் கண்ணாடி கூடாது என்று வைத்திருந்தார்கள்; ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்து, அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அதிர வேண்டாம் என்று ஊராருக்கு உணர்த்தினார்கள். இரக்கத்தில் செய்தது. ஆனால் கண்ணாடியை ஒளித்தால், பார்க்கக் கூடாத முகம் என்ற தீர்ப்பைத்தான் நோயாளி படிக்கிறார். தண்ணீர்க் கிண்ணத்திலும் சன்னலிலும் தனியாகப் பார்த்துவிடுகிறார். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர், தீயில் வெந்த விமானிகளை நோயாளி உடையில் அடைத்துவைக்காமல் தெருவுக்கு அனுப்பினார். ஊராரிடம் முன்கூட்டிப் பேசி வைத்தார். 1941இல் அந்த விமானிகள் தொடங்கிய சங்கத்தில் பிற்பாடு 649 பேர் இருந்தார்கள். ஊரைத் தயார்ப்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அங்கே நிறுவப்பட்டது.

கண்ணாடி பார்க்கும் நாளை நோயாளியே முடிவு செய்யட்டும். முதலில் விரலால் தடவி அறியட்டும். பிறகு உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் ஒரு பகுதி. பிறகு முழு முகம். நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்க வேண்டும், இரவு நேரம் வேண்டாம். வீட்டார் அவருக்கு முன்பாகவே படத்தைப் பார்த்திருந்தால் முதல் சந்திப்பில் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளியே போகப் பழகுவதும் படிப்படியாகத்தான்: ஒரே இடம், குறைந்த நேரம், துணையோடு, திரும்பத் திரும்ப. கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு சிறு பதிலை முன்பே தயார் செய்து வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "போரில் அடிபட்டது. இப்போது வலி இல்லை. உன் பேர் என்ன?" என்பது ஒரு குழந்தைக்குப் போதும், பேச்சு முகத்திலிருந்து நகர்ந்துவிடும். முகநரம்பு அறுந்தவருடைய சிரிப்பை மற்றவர்கள் கோபமாக எடுத்துக்கொள்கிறார்கள். உடன் வேலை பார்ப்பவர்களிடம் அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

போர் முடிந்த நாடுகளில் சோதனைச் சாவடிகள் உடனே போவதில்லை. அடையாள அட்டையில் பழைய முகம். எதிரில் புது முகம். கை வெந்தவர் என்றால் ரேகையும் இல்லை. மருத்துவமனை முத்திரையோடு, இப்போதைய படம் ஒட்டி, இன்னும் அறுவைகள் உள்ளதால் முகம் மாறும் என்று எழுதிய கடிதம் ஒன்றை வீடு திரும்பும் அன்றே கொடுக்க வேண்டும். ஒரு தாள்தான். அது இல்லாமல் அவமானப்பட்டு வீட்டோடு முடங்கியவர்கள் உண்டு.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. கை கால் இருக்கிறது, கண் தெரிகிறது, வேலை செய்யலாமே என்று ஊனக் கணக்கர்கள் முகத்தைத் தள்ளிவிடுவார்கள். பிரிட்டனின் போர் ஓய்வூதியப் பட்டியலில் மிகக் கடுமையான முகச்சிதைவுக்கு 100 விழுக்காடு என்று இருக்கிறது. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களைப் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ மண்டபத்துக்குள் நிற்கவைத்தார். அப்படிக் காட்சிக்கு நின்றும், 1921இல் தங்களுக்கென ஒரு சங்கம் கட்டிக்கொண்டுதான் அவர்கள் உரிமைக்குப் போராட முடிந்தது.

ஆசிரியர் அவர்களே, படங்களை வெளியிட வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. 'கோரமான', 'பார்க்கச் சகிக்காத' என்ற சொற்களைத் தலைப்பில் தவிர்க்கச் சொல்லுங்கள். அதே தாளை அவரும் படிப்பார். படம் எடுத்த அன்று வாங்கிய சம்மதத்தை ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், மனம் மாறியிருந்தால் எடுத்துவிடுங்கள். 'முன்', 'பின்' என்று போடும் இடத்தில் இன்னும் சில விவரங்கள் சேரட்டும்: இரண்டுக்கும் இடையே எத்தனை மாதம், எத்தனை அறுவை, இப்போது எத்தனை மில்லிமீட்டர் வாய் திறக்கிறது, தண்ணீரைத் தானே குடிக்கிறாரா, அடுத்த மூக்கை அவருக்கு யார், எந்த ஊரில் செய்து கொடுக்கப்போகிறார்கள்.

இப்படிக்கு,
முகக் காய மறுவாழ்வுப் பணியில் இருக்கும் செவிலியர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்புத் தொழில்நுட்பர்